இட்லித் தட்டில் உறைந்த மாம்பழம்

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. பேரப்பிள்ளைகள் இருவருக்கும் வீட்டிலேயே பழ ஐஸ் செய்து கொடுக்க வேண்டும்.

சர்க்கரை கூடாது. கலர் கூடாது. பழத்தை அரைத்து ஃப்ரீஸரில் வைத்தால் அதுவாகவே உறைந்துவிடும். வாழ்நாள் முழுக்க இரும்பு கடைகிற லேத் மெஷினில் நின்றவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

என் மகள் செல்வி இதே பம்பாயில், காட்கோபரில் இருக்கிறாள். அவளும் மாப்பிள்ளையும் ஆபீஸ் போகிறவர்கள். பிள்ளைகள் தியாவையும் கவினையும் இதுவரை மாப்பிள்ளையின் அம்மாதான் பார்த்துக்கொண்டார். தியாவுக்கு எட்டு வயது, கவினுக்கு ஐந்து. அந்த அம்மா மே மாதம் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போவதாக இருந்தார். கல்யாணம் என்னவோ ஒரு நாள்தான். ஆனால் பம்பாயிலிருந்து போகிறவர்கள் ஒரு மாதமாவது தங்காவிட்டால் அங்கே யாரும் அவர்கள் வந்ததாகவே எடுத்துக்கொள்வதில்லை.

பள்ளிக்கூடமும் லீவு. பிள்ளைகளை எங்கே விடுவது? செல்வியின் வீட்டுக்குப் பக்கத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு கிரஷ் இருக்கிறது. இல்லாவிட்டால் செம்பூரில் நான் இருக்கிறேன்.

என்னிடம் விட்டுவிட்டுப் போ என்று சொன்னேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஒரு தடவைதான் சொன்னேன். ஆனால் என் மனைவி பாக்கியம் போன பிறகு இந்த வீட்டில் சத்தம் போடுவது நானும் குக்கரும்தான். அதிலும் குக்கர்தான் அதிகம் பேசும். எனக்கு அந்த மே மாதம் வேண்டியிருந்தது.

செல்வி உடனே சரி சொல்லவில்லை. அவளுக்கு என்மேல் பாசம் நிறைய உண்டு. நம்பிக்கைதான் கொஞ்சம் குறைவு. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஒருமுறை ஃபோனை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினேன். அவள் ரிங் கொடுத்ததும் அரிசி பாடியது. இன்னொரு முறை சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கு ஒரு காலில் கறுப்புச் செருப்பும் ஒரு காலில் பழுப்புச் செருப்பும் போட்டுக்கொண்டு போனேன். புது ஃபேஷன் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை.

இதற்கெல்லாம் மேலே கோலா விவகாரம். கோலா என்றால் இங்கே ரோட்டோரத்தில் ஐஸைச் சீவி, குச்சியில் உருண்டையாக அமுக்கி, மேலே கலர் பாகு ஊற்றித் தருவார்கள். போன தடவை பிள்ளைகள் கேட்டார்கள், வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் நாக்குகளைப் பார்த்தேன். இரண்டும் கத்தரிக்காய் நிறம். செல்வி வருவதற்குள் ஈரத் துண்டால் துடைத்துப் பார்த்தேன். துண்டும் கத்தரிக்காய் நிறமானது. மறுநாள் தொண்டை கட்டியது பிள்ளைகளுக்கு. திட்டு எனக்கு.

அதனால் இந்த முறை ஒரு பரீட்சை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவாள். சாயங்காலம் வந்து பார்ப்பாள்.

"ரோட்டுல எதையாவது வாங்கிக் கொடுத்தீயன்னு தெரிஞ்சுது, கிரஷ்தான்" என்றாள்.

"ஒண்ணும் வாங்கித் தரமாட்டேன்" என்றேன்.

பிறகு ஃபோன் கவின் கைக்குப் போனது. அவன் ரகசியமாக, "தாத்தா, ஐஸ்" என்றான். நானும் ரகசியமாகச் சரி என்றேன். வீட்டிலேயே சுத்தமாகச் செய்தால் யார் என்ன சொல்ல முடியும்? பிள்ளைகள் அசந்து போகட்டும், செல்வியும் அசந்து போகட்டும் என்று ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. அது முதல் தப்பு.

சனிக்கிழமையே வேலையை ஆரம்பித்தேன். ஃப்ரீஸரில் இருந்த ஐஸையெல்லாம் உருகவிட்டு, வெந்நீரில் கழுவி, மூன்று துணியால் துடைத்தேன். செல்வி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஒரு புள்ளி கிடைக்காது.

ஃப்ரீஸர் என்னுடையது என்றாலும் உள்ளே இருக்கிற சரக்கு என்னுடையது அல்ல. அது எதிர் வீட்டு விசாலம் மாமியுடையது. மாமி பாலக்காட்டுக் குடும்பம். ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்து ரிடையர் ஆனவர். என் ஃப்ரீஸர் காலியாகக் கிடப்பது பொறுக்காமல் தேங்காய்த் துருவல் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து அடுக்க ஆரம்பித்தார். அவர்கள் வீட்டுச் சமையலில் தேங்காய்க்கு விடுமுறை கிடையாது. என் வீட்டுச் சாவி ஒன்று மாமி வீட்டுக் கதவின் பின்னால் ஆணியில் தொங்கும்; அவர் வீட்டுச் சாவி என் வீட்டில். இந்தக் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். தேங்காய் வேண்டும் என்றால் மாமி திறந்துகொண்டு வந்து எடுத்துப் போவார். பதிலுக்கு எனக்கு அவியல் வரும். எனக்கு நஷ்டமில்லை.

மாமியின் பாக்கெட்டுகளைத் திரும்ப வைத்துவிட்டு, மாம்பழமும் வாழைப்பழமும் கொஞ்சம் தயிரும் மிக்ஸியில் போட்டு அடித்தேன். விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன். அருமை. இன்னொரு தடவையும் பார்த்தேன். மூன்றாவது தடவை பாக்கியத்தின் படம் இருந்த பக்கம் திரும்பாமல் பார்த்தேன்.

அடுத்து அச்சு வேண்டும். கடையில் பிளாஸ்டிக் அச்சு விற்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. தாராவியில் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டவன் நான். எத்தனையோ விதமான அச்சுகளைக் கையில் பிடித்திருக்கிறேன். வீட்டிலேயே ஒன்று கிடைக்காமலா போகும்? டம்ளரை எடுத்துப் பார்த்தேன். கவின் வாய்க்கு அது பெரிது. கிண்ணத்தை எடுத்துப் பார்த்தேன். அது இன்னும் பெரிது. பரண்மேல் ஏறினேன். அங்கே பாக்கியத்தின் இட்லிச் சட்டி இருந்தது.

சட்டியை இறக்கி அடுப்பு மேடைமேல் வைத்துவிட்டு, தட்டைக் கையில் எடுத்தேன். ஒரே அளவு, ஒரே ஆழம், வட்டமான குழிகள். பிள்ளைகள் உள்ளங்கைக்கு அளந்து செய்த மாதிரி இருந்தது. இவ்வளவு காலமும் உலகத்தில் யாருக்கும் இந்த யோசனை வரவில்லையே என்று எனக்கு ஆச்சரியம்.

யாருக்கும் ஏன் வரவில்லை என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்தது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் இட்லித் தட்டில் குழிக்குக் குழி ஓட்டைகள் இருக்கும், ஆவி ஏறுவதற்காக. அதன்மேல் ஈரத் துணியை விரித்துத்தான் மாவு ஊற்றுவார்கள். இது எனக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து பார்த்த காட்சிதான். ஆனால் நான் பார்த்ததெல்லாம் சாப்பிடுகிற பக்கத்திலிருந்து. தட்டு நிறைய பழக்கூழை ஊற்றி, ஃப்ரீஸருக்குள் தள்ளி, கதவைச் சாத்திவிட்டுப் பெருமையாக டீ குடித்தேன். திரும்பத் திறந்தபோது குழிகள் எல்லாம் காலி. கூழ் முழுவதும் ஓட்டை வழியாக ஒழுகி, மூன்று துணியால் நான் துடைத்த ஃப்ரீஸர் தரையில் ஏரி மாதிரி பரவிக் கிடந்தது. மாமியின் தேங்காய் பாக்கெட்டுகள் அதில் முழங்கால் ஆழத்துக்கு நின்றன. ஓரங்கள் ஏற்கனவே இறுகியிருந்தன.

ஓட்டை போட்ட அச்சில் ஊற்றிய ஒரே லேத் டர்னர் இந்த பம்பாயில் நானாகத்தான் இருப்பேன். பட்டறையில் இதைச் செய்திருந்தால் மேஸ்திரி என்னை அந்த அச்சிலேயே ஊற்றியிருப்பார்.

அதைச் சுரண்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த ஈடு அரைத்தேன். இப்போது துணி வேண்டும். அடுக்களை டிராயரைத் திறந்தால், என் பழைய வேட்டியைக் கிழித்து, ஓரம் தைத்து பாக்கியம் வைத்திருந்த இட்லித் துணி மடித்தது மடித்தபடி இருந்தது. அதை நனைத்துப் பிழிந்து, தட்டில் விரித்து, இந்த முறை கெட்டியாக அரைத்த கூழை ஊற்றினேன். மேலே ஐஸ் தூள் விழாமல் இருக்கத் துணியின் மறுபாதியை மடித்துப் போர்த்தினேன். குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி மெதுவாக உள்ளே வைத்தேன்.

காலையில் தொட்டுப் பார்த்தேன். கல்லாக இருந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அப்போதுதான் குச்சி ஞாபகம் வந்தது.

செல்வி மத்தியானம்தான் வருவாள். நேரம் இருந்தது. ஃபோனை சார்ஜில் போட்டுவிட்டு ஸ்டேஷன் பக்கம் கிளம்பினேன். ஸ்டேஷனரிக் கடையில் ஐஸ் குச்சி கேட்டேன். ஸ்கூல் புராஜெக்டுக்கு வீடு கட்டுகிற குச்சிதான் இருந்தது, எல்லாம் கலர். பச்சைக் குச்சியைக் கவின் சப்பினால் நாக்கு என்ன நிறமாகும் என்று எனக்கு அனுபவம் இருந்தது. கலர் இல்லாத குச்சி வேண்டும் என்றேன். கடைக்காரர் யோசித்து, மெடிக்கலில் கேட்டுப் பாருங்கள் என்றார்.

மெடிக்கலில் ஒரு பாக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். அகலமாக, வழுவழுப்பாக, சுத்தமான மரம். டாக்டர் நாக்கை அமுக்கிப் பார்க்கிற குச்சி. ஐஸ் குச்சியைவிட ஆரோக்கியமானது என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன். எதற்கு என்று கேட்டார் கடைக்காரர். உறைந்த பழத்தில் செருகுவதற்கு என்றேன்.

"ஜம் கயா? தோ அப் டண்டி கைஸே டாலோகே, அங்கிள்?" என்றார்.

உறைந்து முடித்த பிறகு குச்சியை எப்படி உள்ளே விடுவீர்கள் என்று கேட்கிறார். கேள்வி நியாயமானது. குச்சியைப் பாதி உறையும்போதே செருக வேண்டும் என்று அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியுமாம். ஆனால் நான் லேத்தில் நின்றவன். கல் மாதிரி இருக்கும் ஒரு பொருளுக்குள் குச்சி போக வேண்டும் என்றால் ஓட்டை போட்டால் தீர்ந்தது. வீட்டில் கை டிரில் இருக்கிறது. இந்தத் தெளிவோடு வீட்டுக்கு நடந்தேன்.

நான் வெளியே இருந்தபோது நடந்தது எனக்கு அப்புறம்தான் துண்டு துண்டாகத் தெரிந்தது. உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விசாலம் மாமி அவியலுக்குத் தேங்காய் எடுக்க வந்திருக்கிறார். ஃப்ரீஸரைத் திறந்தால் உள்ளே இட்லித் தட்டு. அதன்மேல் இட்லித் துணி. தட்டுக்குக் கீழே ஃப்ரீஸர் முழுக்க ஏதோ வழிந்து உறைந்திருக்கிறது. மாவு பொங்கி வழிந்துவிட்டது என்று மாமி முடிவு செய்தார். தேங்காய் பாக்கெட்டை இழுத்தார், அது வரவில்லை. இன்னும் பலமாக இழுத்ததில் பாக்கெட் கிழிந்து பாதித் துருவல் அங்கேயே கொட்டிவிட்டது.

இட்லிச் சட்டி அடுப்பு மேடைமேல் இருந்தது. தட்டு ஃப்ரீஸருக்குள் இருந்தது. தனியாக இருக்கிற மனுஷர், அடுப்பில் வைக்க வேண்டியதை ஃப்ரீஸரில் வைத்துவிட்டார். பாவம். மாமிக்குக் கண் கலங்கிவிட்டதாம். பேரப்பிள்ளைகள் வேறு பசியோடு வருமே என்று சட்டியில் தண்ணீர் ஊற்றி, தட்டை எடுத்து உள்ளே வைத்து, மூடி, கேஸைப் பற்ற வைத்துவிட்டார்.

பிறகு செல்விக்கு ஃபோன் செய்தார்.

"செல்விம்மா, ஒண்ணும் பயப்படாதே. அப்பா நன்னாத்தான் இருக்கார். இட்லிய மட்டும் ஃப்ரீஸர்ல வெச்சிருக்கார்."

ஒன்றும் பயப்படாதே என்று மாமி ஆரம்பித்தால் பயப்படாமல் இருக்க யாராலும் முடியாது. செல்வி உடனே என் ஃபோனுக்கு அடித்திருக்கிறாள். அது அடுக்களையில் சார்ஜில் இருந்தது. மாமிதான் எடுத்தார். "நான்தாம்மா. ஃபோனையும் வெச்சுட்டு எங்கயோ போய்ட்டார்" என்று சொன்னாராம். இதைவிட நன்றாக ஒருவரைக் கலங்கடிக்க முடியாது. செல்வி பிள்ளைகளை அள்ளி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

இது எதுவும் தெரியாமல் நான் படியேறி வருகிறேன். இரண்டாவது மாடியிலேயே மாம்பழ வாசனை. யார் வீட்டிலோ ஜாம் காய்ச்சுகிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது மாடியில் என் வீட்டுக் கதவு திறந்திருந்தது.

உள்ளே செல்வி சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள், கண் சிவந்திருந்தது. பக்கத்தில் மாமி. கீழே தரையில் பிள்ளைகள். நான்கு பேரும் என்னையே பார்த்தார்கள். நான் முதலில் என் செருப்பைப் பார்த்தேன். இரண்டும் ஒரே ஜோடிதான்.

"சீக்கிரமே வந்துட்டியே" என்றேன்.

"எங்க போயிட்டு வாரீய எப்பா?" குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. செல்வி என்னிடம் மெதுவாகப் பேசுகிறவள் இல்லை.

மெடிக்கலுக்கு என்றேன். உடம்புக்கு என்ன என்று பதறினாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, சர்ப்ரைஸ் வெளியே தெரியக் கூடாது என்று பாக்கெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவள் எழுந்து வந்து அதைக் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். டாக்டர் குச்சி. கவின் அதைப் பார்த்தவுடன் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்து "ஆ" என்றான்.

செல்வி மாமியைப் பார்த்தாள். மாமி செல்வியைப் பார்த்தார்.

"எப்பா, இன்னைக்கு என்ன கெழம?"

"ஞாயித்துக்கெழம. ஏன்?"

"சும்மா கேட்டேன். காலையில என்ன சாப்பிட்டீய?"

பிரெட் என்றேன். அதுவும் தப்பாகப் போயிற்று. இட்லி அவித்ததையே மறந்துவிட்டார் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். தியாவுக்கு இது ஏதோ வினாடி வினா மாதிரி தெரிந்திருக்க வேண்டும். அவளும் சேர்ந்துகொண்டு, ஏழெட்டு எவ்வளவு என்று ஹிந்தியில் கேட்டாள். ஐம்பத்தாறு என்றேன். கரெக்ட் என்று அம்மாவிடம் அறிவித்தாள். அந்த வீட்டில் எனக்குச் சாதகமாக இருந்த ஒரே சாட்சி அவள்தான்.

இதற்குள் எனக்கு ஐஸ் கவலை. அவர்கள் கேள்விகளை முடிக்கிற மாதிரி தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுப் பரண்மேல் கையை விட்டேன்.

"என்ன தேடுதீய?"

"டிரில்லு."

"டிரில்லா? எதுக்கு?"

"ஓட்டை போடணும்."

"எதுல ஓட்டை போடணும்?"

பிள்ளைகள் இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவின் கண்ணில் ஐஸ் கனவு. சொல்ல மனம் வரவில்லை. "பொறவு சொல்லுதேன்" என்றேன்.

மாமி மிகவும் கனிவாக, நர்ஸ் பேசுகிற குரலில் கேட்டார்.

"இட்லிலயா சார்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இட்லி எங்கே வந்தது என்று கேட்டேன். செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவள் மாதிரி, கிரஷ்காரம்மாவிடம் நாளைக்கே பேசிவிடுகிறேன், நீங்களும் ஒரு மாதம் எங்களோடு வந்து இருங்கள், டாக்டரிடம் காட்டலாம் என்றாள்.

என் மே மாதம் என் கண் முன்னால் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அது எதற்காகப் போகிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சர்ப்ரைஸாவது ஒன்றாவது என்று நாற்காலியிலிருந்து இறங்கினேன். ஃப்ரீஸரைத் திறந்து பார், உனக்கே புரியும் என்றேன்.

"ஃப்ரீஸர்ல இப்போ இல்ல சார்" என்றார் மாமி. "நான் அடுப்புல வெச்சாச்சு. வெந்திருக்கும். அஞ்சு பேரும் உக்காந்து சாப்டலாம்."

நான் அடுக்களைக்கு ஓடினேன். எல்லோரும் என் பின்னால் ஓடிவந்தார்கள். நான் எதையாவது செய்துகொள்வேன் என்று பயந்துதான் ஓடிவந்ததாகச் செல்வி அப்புறம் சொன்னாள்.

சட்டியின் மூடியைத் தூக்கினேன். ஆவி அடங்கியதும் பார்த்தோம். தட்டில் துணி மட்டும் ஈரமாக, மஞ்சளாக, குழிகளின் அடியோடு அடியாக ஒட்டிக் கிடந்தது. அதன்மேல் வாழைப்பழத் திப்பி கொஞ்சம். கீழே தண்ணீரில் தயிர் திரிந்து, மாம்பழ நிறத்தில் ஒரு குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

மாமி குனிந்து பார்த்தார். "இட்லி எங்க போச்சு?" என்றார்.

"அது இட்லி இல்ல மாமி. ஐஸ்."

குழம்பு மட்டும் கொதித்தது. நான் கேஸை அணைத்தேன். கோலா வாங்கித் தரக் கூடாது என்றாய், அதனால் பழத்தை அரைத்து வைத்தேன், குச்சி வாங்கப் போனேன், குச்சி நுழைய ஓட்டை போட நினைத்தேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். வருஷத்தில் நான் பேசுகிற பேச்சில் பாதி அங்கே செலவானது.

மாமி தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னார். "துணி விரிச்சு, தட்டுல ஊத்தி, ஒருத்தர் ஒண்ணு பண்ணினா அதுக்குப் பேர் இட்லிதானே சார்? நான் வேற என்னன்னு நெனைக்கறது?"

"மஞ்சளா இருந்துச்சே மாமி, அதப் பாக்கலயா?" என்று செல்வி கேட்டாள்.

"பாத்தேன். திருநவேலிக்காரா, அவா ஊர்ல இப்படித்தான் பண்ணுவா போலருக்குன்னு நெனச்சேன். நாம எதுக்குக் கேக்கணும்?"

என் மறதிக்கு மருந்து தேட வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் செல்வி சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இட்லியை ஃப்ரீஸரில் வைத்திருந்தால் அது மறதி, அதற்கு டாக்டர் இருக்கிறார். இட்லித் தட்டில் ஐஸ் வைத்து அதற்கு டிரில்லும் தேடுவதற்கு எந்த டாக்டரிடம் போவது என்று கேட்டாள். உண்மையைச் சொல்லியும் என் நிலைமை ஒரு அங்குலம்கூட முன்னேறவில்லை.

ஐஸ் என்ற சொல் கேட்டதிலிருந்து பிள்ளைகள் இந்த விசாரணையில் இல்லை. தியா ஃப்ரீஸரைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தாள்.

"தாத்தா, இங்க பூரா ஜமா ஹுவா ஹை" என்றாள்.

எல்லாம் உறைந்து கிடக்கிறதாம். முதல் நாள் ஒழுகிய ஏரி. விடிவதற்குள் அது கண்ணாடி மாதிரி ஒரு பாளமாக உறைந்திருந்தது. மேலே மாமியின் பாக்கெட் கிழிந்து கொட்டிய தேங்காய்த் துருவல், யாரோ வேண்டுமென்றே தூவிய மாதிரி. கவின் விரலால் ஓரத்தைச் சுரண்டி வாயில் வைத்தான். உடனே மறுபடி சுரண்டினான்.

நான் தோசைக் கரண்டியை எடுத்தேன். இரும்பைச் சீவிய கை. பாளத்தை மெல்லியதாகச் சீவிச் சீவி டம்ளர்களில் போட்டேன். மாம்பழமும் வாழைப்பழமும் தேங்காயும் சேர்ந்து, நானே எதிர்பார்க்காத ருசி. மாமி ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, தேங்காய் இருக்கறதுனாலதான் நன்னாருக்கு என்றார்.

"கோலா ஜைஸா ஹை" என்றாள் தியா.

கோலா மாதிரி இருக்கிறதாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் செல்வியின் முதுகு நிமிர்ந்தது. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். நல்லவேளை, கவின் வாயில் ஐஸோடு அக்காவைத் திருத்தினான்.

"நஹி. யே தாத்தா கா இட்லி ஹை."

செல்வி இருவரையும் ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போய் வாயைத் திறக்கச் சொன்னாள். மெடிக்கல் பாக்கெட்டைப் பிரித்து, ஆளுக்கொரு குச்சி எடுத்து, நாக்கை அமுக்கிப் பார்த்தாள். நாக்கு நாக்கு நிறத்திலேயே இருந்தது. அந்தக் குச்சிகளுக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான்.

பிறகு அவள் வந்து என் டம்ளரை வாங்கி, நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள். பாதி முடிந்தபோதுதான் சிரிப்பு வந்தது. வந்தபின் நிற்கவில்லை. "இட்லிலயா சார்" என்று மாமியை மாதிரியே சொல்லிக் காட்டினாள். மாமியும் சிரித்தார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு தியாவைக் கூப்பிட்டாள்.

"மே மாசம் பூரா இங்க இருந்து தாத்தாவப் பாத்துக்கிடுவியா?"

தியா என்னை மேலும் கீழும் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பார்த்துக்கொள்கிறேன், ஆனால் ஏழாம் வாய்ப்பாடு தவிர மற்றதையும் ஒருமுறை கேட்க வேண்டும் என்றாள்.

இப்போது மே மாதம் நடந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் என்னிடம்தான் இருக்கிறார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொள்வதாக எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். தியா கீழ் வீட்டில் வேறு மாதிரி சொல்லி வைத்திருக்கிறாள்.

அச்சு வாங்கித் தருகிறேன் என்று செல்வி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கவின் ஒத்துக்கொள்ளவில்லை. இட்லித் தட்டில் ஊற்றி, ஓட்டை வழியாக ஒழுகவிட்டு, கீழே உறைந்ததைச் சீவினால்தான் அது ஐஸாம். செய்முறை கேட்கிற நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: துணி விரிக்காதீர்கள், எதிர் வீட்டு மாமி வேகவைத்துவிடுவார்.